பண்ணைப் பாலத்தில் கடைசி ஆள்

2022ஆம் ஆண்டின் ஆனி, ஆடி மாதங்களில், பெற்றோல் வரிசைகள் நின்ற இடங்களைத் தவிர, யாழ்ப்பாண வீதிகள் எல்லாம் அமைதியாக இருந்தன. பஸ்கள் குறைந்து, மோட்டார் சைக்கிள்கள் வீட்டு விறாந்தைகளில் நிறுத்தப்பட்டு, அலுவலகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் எல்லோரும் சைக்கிளிலும் கால்நடையாகவும் போன நாட்கள் அவை. சீனி வருத்தத்தின் எல்லைக்கு வந்துவிட்டதாக வைத்தியர் எச்சரித்திருந்த நான், அந்த நாட்களில்தான் விடிய ஐந்து மணிக்குக் கோட்டைக்கு அருகே பண்ணைக் கடற்கரையில் நடக்கத் தொடங்கினேன். நடை பழகிய பிறகு ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பம் வரை ஓடினேன். பிறகு இரண்டு கம்பங்கள். ஆவணி முடிவதற்குள் பாலம் தொடங்கும் இடம்வரை நிற்காமல் ஓட முடிந்தது. அப்போது எனக்கு நாற்பது வயது. பாடசாலை இல்ல மெய்வல்லுநர் போட்டிகளுக்குப் பிறகு விளையாட்டாக ஒரு நாளும் ஓடியதில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "நாங்கள் ஓடினது காணாதே பிள்ளை?" என்று கேட்டார். எங்கள் பேச்சில் ஓடுவது என்றால் இடம்பெயர்வது. 1995 ஐப்பசி 30ஆம் திகதி இரவு போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது; சைக்கிள் கரியரில் கட்டிய அரிசிப் பையை ஒரு கையாலும் என்னை மற்றக் கையாலும் பிடித்தபடி அம்மா விடியும்வரை நடந்தார். மகள் இருட்டில் தனியாக வீதிக்குப் போகிறாள் என்றால் அவருக்கு அந்த இரவு ஞாபகம் வருவதை வாதம் செய்து மாற்ற முடியாது. எந்த வீதியால் போகிறேன், எந்தச் சந்தியில் திரும்புகிறேன், எத்தனை மணிக்குப் படலையைத் திறப்பேன் என்பதை முதல்நாள் இரவே சொல்லிவிட்டு, சொன்ன நேரத்துக்கு வந்து சேர்வதை மட்டும் மூன்று மாதம் பிசகாமல் செய்தேன். நாலாவது மாதம் அவர் படலையடியில் நிற்பதை விட்டுவிட்டு அடுப்படியில் தேத்தண்ணி வைக்கத் தொடங்கினார். புதிதாக ஓட வரும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது இந்த அனுபவத்தைத்தான். சப்பாத்துப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

எங்கள் கூட்டம் யாரும் கூட்டிச் சேர்ந்ததன்று. ஒரே நேரத்தில் ஒரே கரையில் ஓடும் ஐந்து பேர் ஏறக்குறைய இரண்டு மாதம் தலையசைப்போடு கடந்து போனோம். ஆண்களிடம் நானாகப் பேச்சுக் கொடுப்பது இங்கே எளிதில்லை, அவர்களும் தயங்கினார்கள். கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர்தான் அந்தத் தயக்கத்தை உடைத்தார். ஒருநாள் என் பக்கத்தில் வந்து, "பிள்ளை, உமக்கு முழங்கால் நோகேல்லையே?" என்று கேட்டார். அந்தக் கேள்வியோடு இருவரானோம். ரீச்சர் நடுவில் இருந்ததால் வங்கியில் வேலை செய்யும் அண்ணையும், கம்பஸில் படித்த தம்பியும், கட்டட வேலைக்குப் போகும் இன்னொரு தம்பியும் பிறகு இயல்பாகச் சேர்ந்துகொண்டார்கள். எங்கள் ஊரில் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடும் எந்தக் கூட்டத்துக்கும் வயதில் மூத்த பெண் ஒருவர் இருப்பது பெரிய பலம். அப்படி ஒருவர் இருக்கும் கூட்டத்தைப் பார்த்து வீதியில் போகிறவர்கள் கதை கட்டுவதில்லை. வீட்டிலுள்ளவர்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

முதல் ஆண்டு நன்றாகவே போனது. இரண்டாவது ஆண்டு, 2023 வைகாசியில், நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை கம்பஸ் தம்பி, போட்டிகளுக்குப் பயிற்சி எடுக்கும் தன் சிநேகிதன் ஒருவனைக் கூட்டிவந்திருந்தார். அவனுடைய வேகத்தோடு போக முடிகிறதா என்று பார்க்கும் ஆசை எனக்கு வந்துவிட்டது. பண்ணைப் பாலத்தில் ஏறியதும் நாங்கள் நால்வரும் அவனோடு போனோம். வைகாசியில் சோளகக் காற்று எழுந்தால் பாலத்தில் ஆளைத் தள்ளும். அன்று காற்றே இல்லை. இரண்டு பக்கமும் களப்புத் தண்ணீர் கண்ணாடிபோலக் கிடந்தது. அப்படிப்பட்ட காலையில் வியர்வை காயாது. காயாத வியர்வை உடலைக் குளிர்விக்காது; தோலுக்கு அதிக இரத்தம் போக வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடிக்கும். இதையெல்லாம் அறிந்திருந்தும், மண்டைதீவுச் சந்தியில் திரும்பும்வரை நான் ஒரு தடவையும் பின்னால் பார்க்கவில்லை.

திரும்பி வந்தபோது பாலத்தின் கரைக்கல்லில் ரீச்சர் உட்கார்ந்திருந்தார். கடலில் வலை பார்த்துவிட்டு வந்த மீனவர் ஒருவர் தன் துவாயைத் தண்ணீரில் நனைத்து அவருடைய பிடரியில் போட்டிருந்தார். பிளாஸ்ரிக் பேணியில் இருந்த தண்ணீரை ரீச்சர் வாய் வாயாகக் குடித்துக்கொண்டிருந்தார். பேணியைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்கின. அந்த மனிதர் என்னை நிமிர்ந்து பார்த்து, "அம்மாவை விட்டிட்டு எங்கை ஓடினனீங்கள்?" என்று கேட்டார். ரீச்சர் ஏறக்குறைய இருபது நிமிடம் அங்கே இருந்திருக்கிறார். அவருக்கு அப்போது அறுபத்துநாலு வயது. அன்று பெரிய தீங்கு எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு ஞாயிறும் ஒருவர் "கடைசி ஆள்". அவருடைய வேலை எல்லோருக்கும் பின்னால் ஓடுவது. எவ்வளவு வேகமாக ஓடக்கூடியவரானாலும் அன்று அவருக்கு முன்னால் ஒருவர் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அவரிடம் கைத்தொலைபேசி, ஒரு விசில், தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புக் கலவையான ஜீவனிப் பக்கற்றுகள் இரண்டு, ஒரு போத்தல் தண்ணீர், ஓட்டோவுக்குப் போதுமான காசு ஆகியவை இருக்கும். வேகமாக ஓடுகிறவர்கள் முன்னால் போகலாம். ஆனால் குறித்த இடம் வந்ததும் நின்று காத்திருக்காமல், திரும்பிக் கடைசி ஆள்வரை ஓடிவந்து, மறுபடி முன்னால் போக வேண்டும். இதனால் வேகக்காரருக்குக் கூடுதல் கிலோமீற்றர் கிடைக்கிறது, மெதுவாக ஓடுகிறவருக்குத் தனிமை இல்லை. நின்று காத்திருப்பது நல்லெண்ணம்போலத் தோன்றினாலும், பின்னால் வருகிறவருக்கு அது ஒரு நெருக்குதல். தன்னால் மற்றவர்களுக்கு நேரம் வீண் என்று எண்ணி அவர் இரண்டு வாரத்தில் வராமல் விட்டுவிடுவார். திரும்பி ஓடிவரும்போது அந்த எண்ணம் எழுவதில்லை.

வெக்கையில் ஒருவர் தளர்ந்தால் செய்ய வேண்டியவற்றையும் அந்த வாரத்திலேயே எல்லோரும் படித்துக்கொண்டோம். ஓட்டத்தை உடனே நிறுத்தி, நிழல் இருந்தால் நிழலுக்கும், இல்லாவிட்டால் காற்றுப் படும் பக்கத்துக்கும் கூட்டிச்செல்ல வேண்டும். கழுத்திலும் அக்குளிலும் நனைத்த துணியை வைத்து விசிற வேண்டும். தெளிவாகப் பேசினால் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுக்கலாம். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, தள்ளாடினாலோ, மயங்கினாலோ, வாயில் எதையும் ஊற்றாமல் 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை உடம்பை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நீண்ட தூர ஓட்டத்தில் வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. இரத்தத்திலுள்ள உப்பின் செறிவு குறைந்துவிடும்.

ரீச்சரின் மகன் அதற்குப் பிறகு அவரை ஓட விடவில்லை. அவரை மறித்ததில் நியாயம் இருந்தது. அதே ஆண்டு பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோருக்கான தடகளப் போட்டியில், எழுபது வயதைக் கடந்த முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மா தங்கப் பதக்கம் பெற்ற செய்தியும் படமும் எல்லோர் தொலைபேசியிலும் வந்தன. ரீச்சர் அந்தப் படத்தை மகனுக்குக் காட்டியதோடு நிற்காமல், நாங்கள் எழுதிவைத்திருந்த கடைசி ஆள் அட்டவணையையும் காட்டினார். இரண்டாவதுதான் வேலை செய்தது என்று பிறகு என்னிடம் சொன்னார். அவர் படித்த காலத்தில் ஊரில் 1958 ரோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து தங்கம் வென்ற எதிர்வீரசிங்கத்தின் கதையைப் பையன்களுக்குச் சொல்லி உற்சாகப்படுத்துவார்களாம். பெண்பிள்ளைகளுக்குச் சொல்வதற்கு அப்படி ஒரு கதை இருக்கவில்லையாம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கான மரதன் 1984இல்தான் முதன்முதலாக நடந்தது. அப்போது ரீச்சருக்கு இருபத்தைந்து வயது, கையில் குழந்தை.

வேகத்தைக் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தீர்மானிப்பதையும் நாங்கள் பெரும்பாலும் விட்டுவிட்டோம். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு உடையாமல் சொல்ல முடிகிறதா என்பதே அளவு. பொழுதுபோக்காக ஓடுகிறவர்களுக்கு வாரத்தின் ஓட்டத்தில் பெரும்பகுதி இந்தப் பேச்சு வேகத்தில் இருந்தால்தான் காயமில்லாமல் தூரம் கூடும். ஒரு ஞாயிறு ரீச்சர் ஒடியற்கூழ் காய்ச்சும் முறையைச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒடியல் மாவை ஊறவைத்துப் பிழிவதில் தொடங்கி, பலாக்கொட்டை, மரவள்ளி, பயற்றங்காய் என்று ஒழுங்காக வந்துகொண்டிருந்தவர், "நண்டு" என்று சொல்லிவிட்டு மூச்செடுத்து, இறாலுக்கு முன்னால் இன்னொரு தடவை மூச்செடுத்தார். யாரும் எதுவும் சொல்லாமலே எல்லோருடைய கால்களும் மெதுவாகின. செத்தல் மிளகாயும் பழப்புளியும் வரும்போது அவருடைய குரல் பழையபடி வந்துவிட்டது. பேசிக்கொண்டே ஓடும் கூட்டத்தில் ஒருவருடைய களைப்பு இப்படித்தான் முதலில் தெரியவரும்.

ஓட்டம் முடிந்த பிறகு நடப்பவற்றைப் பற்றியும் மறைக்காமல் எழுத வேண்டும். யாழ்ப்பாணத்தில் புதிதாக அறிமுகமாகும் ஒருவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "எவடம்?" என்பது. அடுத்தது, "ஆற்றை பிள்ளை?" என்பது. கேட்கிறவர் அன்பாகவே கேட்கலாம். ஆனால் அந்தக் கேள்வி எதை அறிவதற்கு என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். எங்களில் மிக நன்றாக ஓடுகிறவர் கட்டட வேலைக்குப் போகும் தம்பி. சப்பாத்து இல்லாமல் ஓடப் பழகியவர். ஓடும்போது அவருடைய பாதம் நிலத்தில் படும் ஓசைகூடக் கேட்காது. முதல் சில மாதங்கள் நாங்கள் ஓடி முடித்து ஒரு தேத்தண்ணிக்கடையில் பிளேன்ரீ குடித்துவிட்டுக் கலைவோம். பிறகு ஒவ்வொருவர் வீட்டிலும் முறைவைத்துக் குடிப்பது என்று வந்தபோது, தம்பியின் முறை வரும் ஞாயிறுகளில் மட்டும் சிலருக்கு வேறு வேலை வந்தது. ஒருவர் இரண்டு தடவை அப்படி விலகினார். மூன்றாம் தடவை வங்கி அண்ணை அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்கள் ஓட வாறது எங்களுக்குச் சந்தோசம். ஆனால் இந்த வீட்டுக்கு வரேலாதெண்டால், எங்களோடை ஓடவும் வரவேண்டாம்" என்று சொன்னார். அவர் பிறகு வரவில்லை. ஒரு ஆளை இழந்தோம் என்று எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை.

தம்பியின் அம்மா அன்று பனங்கட்டியை உடைத்து ஒரு தட்டில் வைத்து, பிளேன்ரீயை மூக்குப்பேணியில் ஊற்றித் தந்தார். ஓடிக் களைத்த உடம்புக்கு அதைவிட நல்லது எதையும் நான் இதுவரை குடித்ததில்லை. நீண்ட ஓட்டங்களில் நாங்கள் விலைகூடிய இனிப்புப் பாகுகளைத் தேடாமல் பனங்கட்டித் துண்டுகளையே கொண்டுபோவது அந்த வீட்டில் தொடங்கிய வழக்கம்.

கூட்டம் பத்துப் பேரைத் தாண்டியபோது, தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவுசெய்து, பெயர் வைத்து, அனுசரணையாளரின் பெயர் பொறித்த ரீசேட் அடிக்க வேண்டும் என்ற யோசனை வந்தது. சனசமூக நிலையங்களில் வளர்ந்த எங்களுக்கு இது இயல்பான யோசனை. இரண்டு கூட்டம் கூடினோம். இரண்டிலும் ஓட்டத்தைப் பற்றிப் பேசவே நேரம் இருக்கவில்லை, யார் தலைவர் என்பதில் இரண்டு நல்ல சிநேகிதர்கள் ஒரு மாதம் முகம் பார்க்காமல் இருந்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் கைவிட்டோம். அட்டவணை மட்டும் இருக்கிறது. இவ்வளவு சிறிய கூட்டத்துக்கு அதுவே போதும்.

சிறிய விடயங்கள் சில. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு முன் வட்சப்பில் "வாறன்" என்று ஒரு சொல் போட வேண்டும்; போட்டால் வரவேண்டும். வணக்கப் படங்களுக்கும் அரசியலுக்கும் அங்கே இடமில்லை. நாய்கள் துரத்தினால் ஓடாமல் நின்று, முதுகைக் காட்டாமல் மெதுவாக நடக்க வேண்டும். கடித்தால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இருட்டில் வெளிர் நிறச் சட்டை அணிந்து, வாகனங்களை எதிர்கொள்ளும் பக்கத்தில் ஓட வேண்டும்; கட்டாக்காலி மாடுகள் வீதியில் படுத்திருக்கும் இடங்களில் கையில் விளக்கு அவசியம். ஸ்ட்ராவா போன்ற செயலிகளில் ஓட்டத்தைப் பதிவதானால், பெண்கள் வீட்டுக்கு அருகிலுள்ள தொடக்கமும் முடிவும் மற்றவர்களுக்குத் தெரியாதபடி முதலிலேயே மறைத்துவிட வேண்டும். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் நாங்கள் கோயில் பக்கத்து வீதிகளுக்குப் போவதில்லை. விரதகாரர்கள் பலர் என்பதால் தூரமும் குறைவு. ஒருவர் வீட்டில் சாவு என்றால் அந்த ஞாயிறு ஓட்டமே இல்லை.

போட்டி ஒன்றுக்கும் போனோம். எங்கள் ஊரில் பாடசாலைப் பிள்ளைகள் ஓடும் வீதியோட்டங்களையும் மரதன் என்றே சொல்வதால், உண்மையான மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர் என்பதையும், 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அந்தத் தூரம் 1921இல் நிலையாக்கப்பட்டது என்பதையும் வீட்டாருக்கு விளக்கி, நாங்கள் ஓடப்போவது அதில் பாதி, 21.1 கிலோமீற்றர் என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டோம். ஐந்தரைக்குத் தொடங்க வேண்டிய ஓட்டம், விருந்தினர்கள் வந்து விளக்கேற்றி உரையாற்றி முடிய ஆறு இருபது ஆனது. அந்த ஐம்பது நிமிடத்தின் விலையை ஒன்பது மணி வெயிலில் மெதுவாக ஓடியவர்கள்தான் கொடுத்தார்கள். பதினான்காவது கிலோமீற்றரில் தண்ணீர் மேசை இருந்தது, தண்ணீர் இருக்கவில்லை. முன்னால் போனவர்களுக்குப் போதியதாக இருந்திருக்கிறது. ஒரு ஓட்டத்தை ஒழுங்கு செய்கிறவர்கள் முதலாவதாக வருபவருக்குக் கிண்ணம் வாங்குவதற்கு முன்னால், கடைசியாக வருபவருக்கான தண்ணீரை எண்ணி வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அன்று எங்களைக் காப்பாற்றியவர்கள் வீதியோரத்து வீட்டுக்காரர்கள். ஒரு வயதான அம்மா குழாயை மதிலுக்கு மேலால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, "வா மோனை, வந்து தலையை நனை" என்று ஒவ்வொருவரையும் கூப்பிட்டார். எங்கள் ஐவரும் சேர்ந்தே எல்லைக்கோட்டைக் கடந்தோம். ரீச்சர் அன்று நல்ல நிலையில் இருந்தார். தடுமாறியது நான்தான், என்னோடு கடைசி ஆளாக ஓடிவந்தது அவர்.

எல்லாக் கூட்டங்களையும்போல எங்களதும் ஆட்களை இழக்கிறது. இங்கே அதற்கான பெரிய காரணம் காயமோ சோம்பலோ அன்று, விசா. கம்பஸ் தம்பி 2024இல் கனடாவுக்குப் போனார். போவதற்கு முன்னைய ஞாயிறு பாலத்தில் ஓடும்போது யாரும் பேசவில்லை; ரீச்சர் மட்டும் அங்கே பனியில் எந்தச் சப்பாத்துப் போட வேண்டும் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். எங்கள் ஞாயிறு விடிய ஐந்து மணி, ரொறன்ரோவில் கோடை காலத்துச் சனிக்கிழமை மாலை ஏழரை. அவர் அந்த நேரத்துக்கே அங்கே ஓடப் புறப்படுகிறார். முதல்நாள் இரவு எட்டு மணிக்கு முன் அவருடைய "வாறன்" வந்துவிடும். நாங்களும் அவரை எண்ணிக்கையில் சேர்த்தே சொல்கிறோம். ஆடி, ஆவணியில் ஊருக்கு வருகிறவர்களின் பெட்டிகளில் அவர் அனுப்பும் சப்பாத்துகள் வரும். இங்கே அளவும் தரமும் பார்த்து வாங்குவது கடினம் என்பதால், யாருக்கு எந்த அளவு என்று அவரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது.

பாலத்து மீனவர் இப்போதும் விடிய வலையோடு வருகிறார். எங்களைக் கண்டால் கையை உயர்த்தமாட்டார், எண்ணுவார். போன மாதம் ரீச்சருக்குக் காய்ச்சல் என்று நால்வர்தான் போனோம், மண்டைதீவுப் பக்கமிருந்து திரும்பி வரும்போது வழியை மறித்து, "அம்மா எங்கை?" என்று கேட்டார். காய்ச்சல் என்று சொன்ன பிறகுதான் விலகினார்.

இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு பெண் வந்து சேர்ந்தார். முப்பது வயது இருக்கும், கணவர் வெளிநாட்டில். பத்து வயது மகன் சைக்கிளில் பக்கத்தில் வருகிறான். நூறு மீற்றர் ஓடி நூறு மீற்றர் நடக்கிறார், அதுவே சரியான தொடக்கம். மாமியார் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று கேட்டேன். ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். என் அம்மாவின் கதையைச் சொல்லி, அவர் போகும் வழியையும் வந்து சேரும் நேரத்தையும் ஒரு கடுதாசியில் எழுதிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை இரவுகளில் அம்மா இப்போது கேட்பது ஒன்றே ஒன்று: "நாளைக்குக் கடைசி ஆள் ஆர்?" நான்தான் என்று சொன்னால் ஜீவனிப் பக்கற்றை எடுத்துத் திகதி பார்ப்பார். வேறு யாராவது என்றால், அந்த ஆள் கவனமான ஆளா என்று விசாரித்துவிட்டுத்தான் நித்திரைக்குப் போவார்.